மியூட் அக்கா கேட்ட மன்னிப்பு

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற அத்தனை மெஷினையும் ஒன்றாக ஓடவிட்டாலும் மியூட் அக்காவின் வாய்க்கு ஈடாகாது. தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரைத் திட்டிய மனுஷி அவர்தான் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைக்கத் தயார். விசேஷம் என்னவென்றால், திட்டு வாங்கிய ஒருத்தருக்கும் தான் திட்டு வாங்கிய விஷயம் தெரியாது.

நாங்கள் மனை விற்றுக்கொண்டிருந்தோம். நேரில் அல்ல, போனில். செம்பரம்பாக்கம் பக்கத்தில், 'ஏரியைப் பார்த்தபடி வாழலாம்' என்று சொல்லி. வீடு கட்டி, மாடி கட்டி, அதன்மேல் தண்ணீர் டேங்க் வைத்து, டேங்க் மேல் ஏறி நின்றால் ஏரி தெரிந்தாலும் தெரியும். நம்பரைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும். எடுக்கிறவர் லாரி ஓட்டிக்கொண்டிருக்கலாம், சுடுகாட்டில் நின்றுகொண்டிருக்கலாம். நாங்கள் "வணக்கம் சார், ஒரு நிமிஷம் பேசலாங்களா?" என்போம். எவனுக்குத்தான் கோபம் வராது?

அந்தக் கோபத்துக்கு அக்கா கண்டுபிடித்த மருந்துதான் மியூட் பட்டன். அதை அமுக்கினால் நம் பேச்சு எதிராளிக்குக் கேட்காது.

"உங்களுக்கெல்லாம் வேற பொழப்பே இல்லையா?" என்பார் ஒருவர்.

அக்கா பட்டனை அமுக்குவார். "கீதே! இதான் பொழப்பு! வேற பொழப்பு நீ குடேன், நாளிக்கே வந்து குந்திக்கிறேன்!" விரலை எடுப்பார். குரலில் தேன் ஒழுகும். "புரியுதுங்க சார். தொந்தரவுக்கு மன்னிச்சிக்கங்க."

ஒரு பெரியவர் முழுசாக அரைமணி நேரம் சந்தேகம் கேட்டார். கிழக்கு பார்த்த மனை உண்டா, தண்ணீர் உப்பா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நானும் இதே பிசினஸ்தாம்மா, சும்மா விசாரிச்சேன்" என்றார்.

பட்டன் அமுங்கியது. "டேய் தாத்தா! தொண்டத்தண்ணி வத்திப் பூட்ச்சிடா! எங்கம்மா அந்த நெலத்துல குனிஞ்சி கள எடுத்தப்பகூட இவ்ளோ நோவலடா!"

அது சும்மா சொன்னதில்லை. அக்காவுக்கு நசரத்பேட்டை. நாங்கள் விற்ற மனைகளில் பாதி, அவர் அம்மா கூலிக்குக் களை எடுத்த வயல். அதில் ஒரு மூலைகூட அக்காவால் வாங்க முடியாது. ஊருக்கெல்லாம் விற்கலாம்.

டீ குடிக்கும்போது ஒருநாள் சொன்னார். "கூப்புட்றது எங்க தப்புதான். இல்லன்னு சொல்லல. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வெச்சிட்டா இன்னா கொறஞ்சிடும்? அவன் வேல அவனுக்கு, என் வேல எனக்கு. அத்த வுட்டுட்டு எங்க ஆத்தாள ஏன் இழுக்கறான்?"

அப்போதுதான் ஆவடியிலிருந்து ரேவதி வந்து சேர்ந்தாள். படிப்பு முடித்த கையோடு வந்த முதல் வேலை. வந்த வாரமே ஒரு ஆள் அவளிடம் மாட்டினான் என்று எங்கள் டீம் லீடர் குதித்தார். உண்மையில் மாட்டியது அவள். மனை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் அவள் குரலைப் பற்றியே பேசினான். அப்புறம் குரலைவிட்டு வேறெங்கோ போனான். அழுதுகொண்டே போய்ச் சொன்னவளிடம் டீம் லீடர், "வாங்குற பார்ட்டிம்மா அவர். கொஞ்சம் சிரிச்சுப் பேசினா என்ன, தேய்ஞ்சா போயிடுவே?" என்றார். இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அந்த ஆளைவிட இந்த ஆள்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

மறுபடியும் அவன் லைனில் வந்தான். ரேவதி ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து சீட்டிலிருந்த அக்கா அதை எடுத்துக் காதில் வைத்தார். கொஞ்சநேரம் கேட்டார். அவர் முகம் மாறியது. விரல் பழக்கதோஷத்தில் மியூட் பட்டனுக்குப் போனது. அமுக்காமல் திரும்பி வந்தது.

"யோவ், நான் அந்தப் பொண்ணு இல்ல. பக்கத்து சீட்டு. மனை வேணுமா, பேசு. வேணாமா, வெய்யி. தொல்ல பண்றோம்னு திட்டறியா, திட்டு, வாங்கிக்கிறோம், சம்பளமே அதுக்குத்தான். அந்தப் பொண்ணு இன்னா துணி போட்டுகினு கீதுன்னு சொல்றதுக்கு எவனும் எங்களுக்குச் சம்பளம் தரல!"

இதற்குப் பிறகு அவர் பேசியதைப் பத்திரிகையில் போட முடியாது. இத்தனை வருஷமும் பட்டனுக்குப் பின்னால் அடைத்து வைத்ததெல்லாம் மடைதிறந்து கொட்டியது. ஹாலில் ஒருத்தரும் வேலை பார்க்கவில்லை.

அவன் புகார் கொடுத்துவிட்டான்! அதுவும் மேலிடத்துக்கு. மறுநாள் காலை மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். சாட்சிக்கு ரேவதியையும் என்னையும்.

"கஸ்டமர்கிட்ட பேசற பேச்சா இது? இப்பவே என் எதிர்ல போன் போட்டு மன்னிப்பு கேக்கறீங்க" என்றார். அவரே நம்பரைப் போட்டு ஸ்பீக்கரிலும் வைத்தார்.

எடுத்தது ஒரு பெண். "அவர் குளிக்கிறாருங்க. நான் அவர் மிசஸ். என்ன விஷயம்?"

மேனேஜர் அணைக்கக் கை நீட்டினார். அதற்குள் போன் அக்கா கையில் இருந்தது.

"வணக்கம்மா. சார்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு எங்க மேனேஜர் சொன்னாரு. சார் எங்க பொண்ணுகிட்ட ஒரு கேள்வி கேட்டாரு. நான் கொஞ்சம் சத்தமா பதில் சொல்லிட்டேன்."

"என்ன கேள்வி?"

அக்கா சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

எதிர்முனையில் ஓடிக்கொண்டிருந்த டி.வி. அணைந்தது. பிறகு, "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசும்மா?"

அக்கா வயதைச் சொன்னார்.

"என் பொண்ணும் அதே வயசுதான். நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க? இருங்க, வைக்காதீங்க."

செருப்புச் சத்தம் நடந்து போவது கேட்டது. பிறகு கதவைத் தட்டும் சத்தம். தட்டல் இல்லை, இடி. "வெளிய வாங்க! அப்படியே வாங்க, பரவால்ல!"

அக்கா மெதுவாகப் போனை வைத்தார். "கேட்டுட்டேன் சார்" என்றார்.

அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கஸ்டமரின் குடும்ப விஷயத்தில் தலையிட்டாராம்! கேட்டவன் யோக்கியன், சொன்னவள் குற்றவாளி. டீம் லீடருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேவதி தன் பையையும் எடுத்துக்கொண்டு அக்கா பின்னாலேயே படியிறங்கினாள். கீழே பஸ் ஸ்டாப் வரை அக்காவின் குரல் கேட்டது. திட்டு வாங்கியது ரேவதிதான். "நான் போனா நீ ஏன்டி வர்ற, பைத்தியம்!"

ரேவதிக்குப் பாடியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்தது. நானும் கொஞ்ச நாளில் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். அக்கா எங்கே போனார் என்று தெரியாமலே இருந்தது.

போன மாதம் அப்பாவின் கண்ணைக் காட்டுவதற்காகப் பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "வணக்கம், சொல்லுங்க" என்றது குரல். என் பெயரையும் அப்பாவின் கண் விஷயத்தையும் சொன்னேன்.

"அட, நீயா நைனா! அப்பாவுக்கு இன்னா, சக்கரையா? சக்கரைய வெச்சிகினு காப்பில சக்கர போட்டுக்குதா? நீ ஊட்ல இன்னாத்தப் பாத்துகினு கீற? போன அவர்கிட்ட குடு, நான் கேக்கறேன்!"

அப்பா வாங்கினார். பிறகு அம்மா வாங்கினார். கடைசியாக மறுபடி நான் வாங்கினேன். டோக்கன் போட்டாகிவிட்டது. போனை வைக்கத்தான் மனசு வரவில்லை.