நல்ல படம் பார்த்துத் தொலைத்தவர்

படம் பார்த்து நொந்துபோவதற்கென்றே பிறந்த ஓர் இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். டிரெய்லர் வந்த அன்றே 'இது தேறாது' என்று தீர்ப்பு எழுதிவிட்டு, முதல் நாள் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, கதாநாயகன் மழையில் தொப்பலாக நனைந்து அடுத்த நொடியே காய்ந்த சட்டையோடு வருவதையும், குண்டடி பட்ட நண்பன் நாலு பக்க வசனத்தைப் பேசி முடித்த பிறகே தலையைச் சாய்ப்பதையும் ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டு, மறுநாள் நெற்றியைப் பிடித்தபடி அலுவலகம் வரும் இனம். தேறாது என்று தெரிந்தும் ஏன் போகிறார்கள்? போகாமல் எப்படி ஐயா நொந்துகொள்வது?

நம்மவர் அலுவலகத்தில் சாதாரண எழுத்தர். பதவி உயர்வு அவரைத் தாண்டித் தாண்டியே போகும். ஆனால் திங்கட்கிழமை தேநீர் நேரத்தில் அவர்தான் ராஜா. காசாளர் நாற்காலியை இழுத்துப் போடுவார். நம்மவரின் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் டைப்பிஸ்ட் அம்மா வேலையை நிறுத்துவார். மேலாளரே கதவோரம் வந்து நிற்பார். நம்மவர் ஒரு வாய் தேநீரை உறிஞ்சி, "ஏன்தான் எடுக்குறாங்களோ" என்று ஆரம்பித்தால் போதும், அறை குலுங்கும்.

மாட்டிக்கொண்டு முழிப்பது அவர் மனைவி. ஒரு படத்தையாவது இந்த மனுஷனின் உச்சுக்கொட்டல் இல்லாமல் பார்த்துவிட வேண்டும் என்பது அந்த அம்மாளின் நெடுநாள் ஆசை.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தது வினை. ஊர் பேர் தெரியாத இயக்குநரின் படம், பாதி அரங்கு காலி. நம்மவர் நாக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தங்கையும் செத்துப்போன அப்பாவின் வீட்டைக் காலி செய்கிற கதை. மழை இல்லை, துப்பாக்கி இல்லை, பிடித்துத் தொங்க ஒரு குறைகூட இல்லை. கடைசிக் காட்சியில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மனைவி என்று திரும்பினால், அந்த அம்மாள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். உறிஞ்சியது அவரேதான்.

வீடு வரைக்கும் மனைவி அவர் கையை விடவில்லை. வாசலில் நின்று, "இத மட்டும் ஆபீஸ்ல கிழிக்காதீங்க. நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றாள். சத்தியமாக மாட்டேன் என்றார். மனசாரத்தான் சொன்னார், பாவம்.

திங்கட்கிழமை நாற்காலி இழுபட்டது.

"நல்லா இருந்துச்சு," என்றார் நம்மவர்.

யார் முகத்திலும் ஈயாடவில்லை. மனசை என்னவோ பண்ணிவிட்டது என்று இழுத்துப் பார்த்தார். காசாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மேலாளருக்கு ஏதோ கோப்பு ஞாபகம் வந்துவிட்டது. இருந்த ஒரே சிம்மாசனமும் கண்ணெதிரே போகிறதே?

"ஆனா ஒண்ணு," என்றார் அவசரமாக. "அந்தத் தங்கச்சி அழுதா பாருங்க, குழாய மூட மறந்த மாதிரி. என் வீட்டுக்காரியும் கூடச் சேந்துக்கிட்டா. குடை எடுத்துட்டு வரலையேன்னு இருந்துச்சு எனக்கு."

அறை குலுங்கியது. மேலாளர் திரும்பி வந்தார்.

சாயங்காலம் மேல்மாடி டைப்பிஸ்ட் அம்மா வாசலில் நின்று மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை, புதுப் படத்துக்கு வழக்கம்போல இரண்டு டிக்கெட் எடுக்கக் கிளம்பியவரிடம்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு வேணாம். நான் மாடிவீட்டு அக்காவோட போறேன். நான் அழுதா அவங்க ஆபீஸ்ல சொல்ல மாட்டாங்க."

நம்மவர் தனியாகப் போனார். படம் படு திராபை. உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தில் திரும்பினார், இருக்கை காலியாக இருந்தது.

நல்லவேளை, நாம் இந்த ரகம் இல்லை என்கிறீர்களா? இதை மூடி வைத்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் நீங்கள் சொல்லப்போவது எனக்கு இப்போதே கேட்கிறது: "முதல் பாதி பரவாயில்ல. ரெண்டாவது பாதிதான் இழுவை." தாராளமாகச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.