மெத்தைக் குழியும் உன் மீசையும்

ஈஜிபுரா, பெங்களூரு
ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு

என் அன்புக்கும், இந்த மாதம் மட்டும் கொஞ்சம் பரிதாபத்துக்கும் உரிய மைத்துனன் க்ளென்னுக்கு, உன் மாமா ஆரோக்கியசாமி எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் உன் அக்கா ரஞ்சிதமும் சுகம். அங்கே தங்கவயலில் நீயும் ஐரினும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். உன் மீசையும் இந்த நிமிஷம்வரை சுகமாகத்தான் இருக்கும். இதைப் படித்து முடிப்பதற்குள் ஆசை தீரத் தடவிக்கொள். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பேன், நீ நீல டிக் வராதபடி வைத்துக்கொண்டு "பாக்கவே இல்லையே மாமா" என்பாய். அதனால்தான் ஸ்பீட் போஸ்ட். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கவேண்டும், தப்பிக்க முடியாது. நாளைக்கு எனக்கு டியூட்டி என்பதால் உன் அக்காதான் கவரை ஒட்டி அனுப்புவாள்.

ஈஸ்டர் அன்று என் வீட்டில் பதினோரு பேர் நடுவில் நீ செய்ததை நான் மறக்கவில்லை. பிரியாணி சாப்பிட்ட கையைச் சரியாகத் துடைக்கக்கூட இல்லை, நேராக உள் அறைக்குப் போய், கேட்காமல் கொள்ளாமல் என் ஃபோம் மெத்தையின் நட்டநடுவில் தொப்பென்று உட்கார்ந்தாய். உட்கார்ந்து ஊர் கூட்டினாய். "இன்னா மாமா, நடுவுல குழி வுழுந்து கீது! அக்கா முதுகு வலிக்குன்னு ஆசையா வாங்கிக் குடுத்தேன். பத்து வருஷ வாரன்டி மெத்தைய எட்டே வருஷத்துல காலி பண்ணிட்டீங்களே! பஞ்சு மெத்தைக்காரர் கையில ஃபோம் மெத்தையக் குடுத்தது என் தப்பு." எல்லோரும் சிரித்தார்கள். என் சம்பந்தியும் சிரித்தார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் என்ன சொன்னேன்? "கோளாறு மெத்தையில, என் பராமரிப்புல இல்ல. கம்பெனிக்காரன் வாயாலயே சொல்ல வெக்கறேன். சொல்லலன்னா என் மீசைய எடுத்துடறேன். சொல்லிட்டா நீ எடுக்கணும்." நீ "டீல் மாமா" என்று கையில் அடித்தாய். ஐரின் சாட்சி. சுரங்கத்தில் முதல் நாள் இறங்கியபோது வைத்த மீசைடா என்னுடையது. அதைப் பணயம் வைத்துவிட்டு இரண்டு மாசம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பராமரிப்பு என்றால் என்ன என்று உனக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள். முதல் மாசம் நான் தப்புச் செய்தது உண்மை. பஞ்சு மெத்தை மாதிரி மொட்டைமாடி வெயிலில் போட்டுப் பிரம்பால் நாலு சாத்து சாத்தினேன். வீட்டு ஓனர் ருக்மிணியம்மா ஓடி வந்து, "அய்யோ சார், ஃபோமுக்கு வெயிலே ஆகாது, காஞ்சு பொடிப்பொடியா உதிரும்" என்று கத்தியதும் பிரம்பைக் கீழே போட்டேன். அன்றே, மெத்தையோடு வந்த சின்னப் புத்தகத்தின் பதினாறு பக்கத்தையும் கண்ணாடி போட்டுப் படித்தேன். பிளாஸ்டிக் உறையை உருவ எனக்கு மனசே இல்லை, ஆனால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும் என்று போட்டிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு உருவினேன். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்புகிறேன், மறுமுனையைப் பிடிப்பவள் உன் அக்கா, இதுவரை முப்பத்திரண்டு தடவை, காலண்டரில் சிவப்பு மையில் இருக்கிறது. மாசம் ஒரு நாள் விரிப்பை எடுத்து, ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டுக் காற்றாட விடுகிறேன். சோடா உப்பைத் தூவி நாலு மணி நேரம் கழித்துத் துடைக்கிறேன், அதுவும் பிழிந்த துணியால், ஏனென்றால் ஃபோம் தண்ணீரைக் குடித்தால் லேசில் காயாது. ஓரத்தில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டக்கூடாது. காபி டம்ளர் அந்த அறைக்குள் போகக்கூடாது. பேரப்பிள்ளைகள் குதிக்கக்கூடாது. இதற்கெல்லாம் மேலே ஒரு விதி, அது புத்தகத்தில் இல்லை, நானே போட்டது: மெத்தையில் யாரும் படுக்கக்கூடாது.

சிரிக்காதே. நல்ல சாமானை விருந்தாளிக்கென்று எடுத்துவைப்பது நம் ரத்தத்தில் இருக்கிறது. உன் வீட்டு ஷோகேஸில் இருக்கும் பீங்கான் கோப்பையில் நீ என்றைக்காவது டீ குடித்திருக்கிறாயா? விருந்தாளி என்று இந்த எட்டு வருஷத்தில் வந்து தங்கினவர் ஒரே ஒருத்தர், என் மகள் ஷோபாவின் மாமனார். அவருக்கு விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன், பாதியிலேயே, "நான் ஹால்லயே படுத்துக்கறேன் சம்பந்தி" என்று தலையணையோடு கிளம்பிவிட்டார். பெரிய மனுஷர். நானும் உன் அக்காவும் முதல் நாளிலிருந்து ஹாலில் பாய் போட்டுத்தான் படுக்கிறோம். என்ன கெட்டுப்போயிற்று? அவள் முதுகு வலி ஆறே மாசத்தில் போன இடம் தெரியவில்லை! எல்லாம் பாயின் மகிமை. எனக்குத்தான் காலையில் இடுப்பு கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்தால் சரியாகிவிடும், அது வயசு.

இப்போது நீயே யோசி. யாரும் படுக்காத மெத்தையில் குழி எப்படி விழும்? தயாரிப்பிலேயே கோளாறு இருந்தால்தான் விழும். இந்தப் பாயிண்டை வைத்துத்தான் அடித்தேன். அபார்ட்மென்ட் கேட்டில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை செக்யூரிட்டி சூப்பர்வைசராக உட்கார்ந்தபடியே, ஒரு கையால் கேட்டைத் திறந்துகொண்டு, மறு கையில் போனை வைத்துக்கொண்டு பத்தொன்பது நாள் கம்பெனிக்குப் போன் போட்டேன். பில் கேட்டார்கள், அனுப்பினேன். போட்டோ கேட்டார்கள், எட்டுக் கோணத்தில் அனுப்பினேன். கடைசியில் அந்தப் பெண்ணே வெறுத்துப்போய், "சார், ப்ளீஸ், ஆளை அனுப்பறோம் சார்" என்றாள்.

போன சனிக்கிழமை லீவு போட்டேன். வந்தவன் பெயர் விக்கி, நீலசந்திராக்காரன், முப்பது வயசிருக்கும். வந்ததும் விரிப்பை எடுத்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், மோந்து பார்த்தான். ஒரு கறை இல்லை. கட்டில் பலகைகளைத் தட்டிப் பார்த்தான், ஒன்றும் வளையவில்லை. "பக்கா மெயின்டனன்ஸ் சார், ஷோரூம்ல கூட இப்படி வெக்க மாட்டாங்க" என்றான். க்ளென், அந்த வார்த்தையை நீ கேட்டிருக்க வேண்டும். பிறகு ஃபாரத்தை எடுத்தான்.

"டெய்லி எத்தன பேர் சார் படுக்கறீங்க?"

"ஒருத்தரும் இல்ல."

"வாரத்துக்கு?"

"ஒருத்தரும் இல்லப்பா. எட்டு வருஷமா."

பையன் பேனாவை ஃபாரத்திலிருந்து எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சும்மா சொல்லாதீங்க சார். இது படுக்கற மெத்தை."

"நான் விருந்தாளிக்கு வெச்சிருக்கேன்."

உன் அக்கா டீயோடு வந்தாள். அவளைக் கேட்டான், "ஏம்மா, நெஜமாவே யாரும் படுக்கறது இல்லையா?" அவள் பட்டென்று, "இவரு படுக்க விடுவாரா தம்பி?" என்றாள். அந்த இடத்தில் எனக்கு அவள் மேல் வந்த பெருமை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. "ஜீரோ போட்டா சிஸ்டம் எடுக்காது சார், ஒண்ணுன்னு போட்டுக்கறேன், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொன்னான். போட்டுக்கொள் என்று விட்டேன். மெத்தையின் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் ஸ்கேலை இறக்கினான். ஒன்றரை அங்குலம் தாண்டினால்தான் மாற்றித் தருவார்கள். நான் மாதாவை வேண்டிக்கொண்டு என் மீசையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றே முக்கால்! நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ருக்மிணியம்மா இறங்கி வந்துவிட்டார்கள்.

நேற்று மெயில் வந்தது. "தயாரிப்புக் குறைபாடு, புதிய மெத்தை வழங்கப்படும்." அதைக் கலரில் பிரின்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, இத்துடன் இணைத்திருக்கிறேன். ஹாலிலும் ஒன்று மாட்டியிருக்கிறேன், சம்பந்திக்கு ஒன்று போய்விட்டது. புது மெத்தை வருகிற வெள்ளிக்கிழமை வருகிறது. இந்தத் தடவை அந்த அறைக்குப் பூட்டுப் போடுவதாக முடிவு செய்திருக்கிறேன். நீ மீசையை எடுத்துவிட்டு, முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு போட்டோ குடும்ப குரூப்பில் போடு. மாஸ்க் போட்டுக்கொண்டு எடுத்தால் செல்லாது.

ஜெயித்தவன் மனசு பெரிசு, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் வீட்டில் சமாதானமும், பிள்ளைகளுக்குப் படிப்பும், உனக்கு இனிமேலாவது வாயடக்கமும் ஆண்டவர் தரவேண்டும் என்று ஜெபிக்கும்,

உன் மாமா,
அ. ஆரோக்கியசாமி

பின்குறிப்பு: தம்பி க்ளென், இது நான், அக்கா. ஒட்டச் சொல்லிக் குடுத்தாரு, பிரிச்சுப் படிச்சிட்டேன். நீ குடுத்த மெத்தையில, அது வந்த ரெண்டாவது வாரத்துல இருந்து நான் தெனமும் மத்தியானம் படுக்கறேன்டா. இவரு டியூட்டிக்குப் போனதும் சமையல முடிச்சிட்டு, பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும், நட்டநடுவுல. எழுந்ததும் விரிப்ப இழுத்து விட்டுடுவேன். என் முதுகு நல்லானது அதுலதான், பாயால இல்ல. அந்தக் குழி நான்தான். விக்கி தம்பிக்கும் தெரிஞ்சிடுச்சு, செருப்பு மாட்டும்போது மெதுவா, "மத்தியானத் தூக்கமாம்மா?"ன்னு கேட்டுச்சு. பயந்தே போயிட்டேன். "ஒரு ஆள் படுத்து எட்டு வருஷத்துல இவ்ளோ எறங்கக் கூடாதும்மா, கோளாறு கம்பெனியோடதுதான், ஒண்ணுன்னு சரியாத்தான் போட்டிருக்கேன்"னு சொல்லிட்டுப் போயிடுச்சு. நீ மீசைய இப்போ எடுத்துடாத. மாமாகிட்ட ஒரு கண்டிஷன் போடு, புது மெத்தையில அவரு ஒரு மாசம் படுத்தாத்தான் எடுப்பேன்னு சொல்லு. உன்ன ஜெயிக்கணும்னா எது வேணா செய்வாரு. தெனம் காலையில செவுத்தப் புடிச்சிக்கிட்டு அவரு எழுந்திருக்கறதப் பாத்துட்டு, மத்தியானம் நான் மட்டும் அதுல போய்ப் படுக்க மனசே வரல. ரெண்டு பேருக்குத் தாராளமா எடம் இருக்கு.