ஆயத்தத்துக்கு ஆயத்தம்

பாரதத்தின் விளையாட்டுத் துறைக்கு 'ஆயத்தமாவதற்கு ஆயத்தமாதல்' என்ற மகத்தான தத்துவத்தை வழங்கியது தில்லி ஆர்.கே.புரத்திலுள்ள எங்கள் அரசு அலுவலகம்தான். அதன் விளையாட்டுச் செயலாளர் சங்கரநாராயணனாகிய நானே இதைச் சொல்வது அழகல்ல. வேறு யாரும் சொல்ல முன்வராததால் சொல்கிறேன்.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் அரசு அலுவலகங்களுக்கிடையே தொடர் ஓட்டப் போட்டி நடக்கும். சென்ற ஆண்டு தோற்ற கையோடு, அடுத்த ஆண்டுக்கான பயிற்சியைப் 'போர்க்கால அடிப்படையில்' தொடங்க எங்கள் அணி தீர்மானம் போட்டது. டீயும் சமோசாவும் அதே அடிப்படையில் வந்தன.

அணித்தலைவர் ரத்தினவேல் தொலைநோக்குள்ளவர். மார்ச்சில் கணக்கு முடிக்கும் வேலை. மே மாதத்தில் வெளியே தலைகாட்ட முடியாத வெயில்.

"மழை வரட்டும் சார், தரை மெத்துனு இருக்கும்" என்றார். மழை வந்தது. "வழுக்குது சார்" என்றார்.

பிறகு டெங்கு, தீபாவளி, தீபாவளிப் புகை. டிசம்பரில் மூடுபனி, ஓடுகிறவருக்கே தான் ஓடுவது தெரியாது. விளையாட்டு வீரனின் உடம்பை இத்தனை கரிசனத்தோடு பார்த்துக்கொள்ளும் ஊர் வேறு உண்டா?

அணியில் ஒரே ஒரு 'ஒழுங்கீனம்' இருந்தது. அது தங்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பெண். முனிர்காவில் வாடகை அறை. வெயிலோ பனியோ, தினமும் காலையில் மைதானத்தில் ஓடினாள், எந்தத் தீர்மானமும் இல்லாமல். கூப்பிட்டு விசாரித்தேன்.

"ஜெயிச்சா அடுத்த சுற்று சென்னையில சார். நான் ஓடி எங்கப்பா ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. டிக்கெட் எடுக்கட்டுமான்னு இப்பவே கேக்காரு."

"அதுக்கு இப்பவே எதுக்கும்மா ஓடுற?" என்றார் ரத்தினவேல் கனிவாக. "உடம்புக்கு ஆராம் வேணும், ரெஸ்ட் எடு. பிப்ரவரில சேர்த்து ஓடிக்கலாம்."

ஜனவரியில் புது ஷூ, அலுவலகப் பெயர் பொறித்த பனியன், குழுப் புகைப்படம் எல்லாம் ஜல்தியாக முடிந்தன. பயிற்சிக்குத்தான் நேரம் போதவில்லை.

போட்டி நாள் வந்தது. எங்கள் அணியில் முதலில் ஓடிய இருவரும் எல்லோருக்கும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். மூன்றாவதாக ஓடிய தங்கம், முன்னால் போன ஒவ்வொருவரையும் தாண்டி முதல் ஆளாக வந்து பேட்டனை நீட்டினாள். ரத்தினவேல் அப்போதுதான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். வாங்கினார், பாய்ந்தார். முதல் வளைவில் தொடைச் சதை பிடித்துக்கொண்டது. புல்லில் உட்கார்ந்துவிட்டார். மற்ற அணிகள் அவரை விட்டு மரியாதையாக விலகி ஓடின.

தங்கம் ஓரமாகப் போய் நின்று போனை எடுத்தாள். "டிக்கெட் எடுக்க வேண்டாம்ப்பா" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

மறுநாள் மாலை ஆய்வுக் கூட்டம். தோல்விக்கான காரணம் ஏகமனதாகக் கண்டுபிடிக்கப்பட்டது: தங்கம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள்.

"கொஞ்சம் மெதுவா வந்திருந்தா நான் தயாரா இருந்திருப்பேன்" என்றார் ரத்தினவேல், கட்டுப் போட்ட காலை நாற்காலிமேல் நீட்டியபடி.

கண்டனம் தெரிவிக்க முடிவாயிற்று. ஆனால் கண்டனத்துக்குரியவர் கூட்டத்துக்கு வரவில்லை. போன் செய்தேன். மூச்சு வாங்க எடுத்தாள்.

"எங்கம்மா இருக்க?"

"கிரவுண்டுல சார்."

"சீசன்தான் நேத்தே முடிஞ்சுபோச்சே?"

"எனக்கு முடிஞ்சுது சார். உங்களுக்கு எப்ப ஆரம்பிச்சுது?"