ராணியும் மாட்டிக்கினா, என் ஜாக்கெட்டும் மாட்டிக்கிச்சு

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. டெய்லர் கலா அக்கா கடைக்குப் போய் என் பட்டு ஜாக்கெட்டை வாங்கிட்டு வரணும். மறுநாள் காலைல நாத்தனார் கல்யாணம்.

பௌர்ணமி வேற. செங்கம் ரோடு முழுக்க கிரிவலக் கூட்டம். வண்டியைத் தள்ளிக்கிட்டே போய்ச் சேர்ந்தேன்.

கடைல மெஷின் சத்தமே இல்ல. அக்கா மடியில செங்கல் மாதிரி ஒரு புக்கை வச்சுப் படிச்சுக்கிட்டிருந்தாங்க.

எனக்கு பக்குனு ஆச்சு. அது என் புக்!

எனக்கு ஒரு வியாதி உண்டுங்க. டிராகன், சூனியக்காரி, சண்டை, துரோகம்னு ஏழு பாகத்துக்குப் போற ஒரு கதை. திரும்பத் திரும்ப முதல்லேர்ந்து படிப்பேன். அதோட விட்டா பரவால்ல. கண்ணுல படறவங்க கையிலெல்லாம் முதல் பாகத்தைத் திணிச்சுடுவேன்.

"இன்சூரன்ஸ் ஏஜென்ட்டே வேணாம்னா போயிடுவான். நீ போவவே மாட்டேங்கிறியே!"ன்னு என் வீட்டுக்காரர் கும்பிடுவாரு.

அளவு குடுக்க வந்தப்ப அக்காகிட்டயும் திணிச்சேன். அடுத்தடுத்த பாகம் கேட்டப்பல்லாம், அஞ்சாம் பாகம் வரைக்கும், பெருமையா கொண்டாந்து குடுத்தேன். ஜாக்கெட் ஞாபகமே வரல!

"அக்கா, ஜாக்கெட்..."

"வெட்டி வச்சிட்டேம்மா. தைக்கணும்."

"இன்னும் தைக்கலையா! நாளைக்குக் கல்யாணம்க்கா!"

"நான் என்னா பண்றது? ராணி கோட்டைல மாட்டிக்கினு இருக்கா. அவளை அம்போன்னு விட்டுட்டு உன் ஜாக்கெட்டைத் தைக்கச் சொல்றியா?"

பதட்டத்துல வாய் முந்திக்கிச்சு. "அவ தப்பிச்சுடுவாக்கா! தங்கச்சிக்காரிதான் காட்டிக் குடுத்தா. இப்ப தைங்க!"

அக்கா மெதுவா கண்ணாடியைக் கழட்டினாங்க.

"தங்கச்சியா? அந்தப் பொண்ணு மேல உசிரையே வச்சிருந்தேனே! இப்படிப் போட்டு உடைச்சிட்டியே! போ, துணியை எடுத்துக்கினு வேற டெய்லரைப் பாரு."

பெஞ்சுல காத்துக்கிட்டிருந்த ரெண்டு பொம்பளைங்க என் பக்கம் திரும்பினாங்க.

"ஓ! அந்தப் புக்கைக் குடுத்த புண்ணியவதி நீதானா?"

"எம்பொண்ணு வளைகாப்பே முடிஞ்சுபோச்சு, தெரியுமா? புடவை மேட்ச்சா ஜாக்கெட் இல்லாம அழுதா!"

கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். கடைசில அக்கா இறங்கி வந்தாங்க. "சரி, நான் தைக்கிறேன். நீ படி. சத்தமாப் படிக்கணும்."

முதல்ல கடகடன்னுதான் படிச்சேன். ஆனா அந்தக் கதையை நான் எங்க சும்மா படிக்கிறது? ராணிக்கு ஒரு குரல், சூனியக்காரிக்கு ஒரு குரல்னு ஆரம்பிச்சிட்டேன். டிராகன் மாதிரி உறுமினப்ப, வாசல்ல கிரிவலம் போன ஒருத்தர் நின்னு பார்த்து, "அரோகரா!"ன்னுட்டுப் போனாரு.

சண்டை வந்துச்சு. மெஷின் பறந்துச்சு. பெஞ்சுலேர்ந்து, "வுடாத! குத்து அவனை!"ன்னு சத்தம்.

அப்புறம் கிழட்டுத் தளபதி செத்தாரு. எத்தனை வாட்டி படிச்சாலும் அங்க நான் அழுவேன். அழுதேன். அக்கா அழுதாங்க. வளைகாப்பு அம்மாவும் முந்தானையில மூக்கைத் துடைச்சாங்க. மெஷின் மட்டும் நிக்கல.

"இந்தாம்மா, முடிஞ்சிடுச்சு."

திரைக்குப் பின்னாடி போய்ப் போட்டுப் பார்த்தேன். வலது கை சரியாப் போச்சு. இடது கையும் உள்ள போச்சு. ஆனா வெளிய வரல! முனையைச் சேர்த்துத் தைச்சு மூடியிருக்காங்க!

"அது தளபதி செத்த இடம்மா"ன்னாங்க அக்கா, அதுவே போதும்ங்கற மாதிரி.

தையலைப் பிரிச்சா பட்டு கிழியும்னு, முனையையே வெட்டிட்டாங்க. கோணலாப் போச்சுன்னு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு வெட்டினாங்க. வலது கை முழங்கை வரைக்கும். இடது கை அதுல பாதி.

மண்டபத்துல மாமியார் ஏற இறங்கப் பார்த்தாங்க. "என்னாம்மா இது, புது மாடலா?"

"ஆமாங்கத்தை. இப்ப இதான் ஃபேஷன்"னேன்.

சாயங்காலத்துக்குள்ள மாப்பிள்ளை வீட்டுப் பொண்ணுங்க மூணு பேர் டெய்லர் அட்ரஸ் கேட்டாங்க. சொல்லல. அக்கா இன்னும் அஞ்சாம் பாகம் முடிக்கல.

இனிமே டெய்லருங்களுக்கு சிறுகதைப் புக்கு மட்டும்தான் சிபாரிசு பண்றதுன்னு முடிவு பண்ணிட்டேன்.