சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்

பேனர் மகாராஜா என்றொரு இனம் நம் ஊரில் உண்டு. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு, எங்கு வேண்டுமானாலும் பார்க்கலாம். சாதாரண நாட்களில் நம்மைப் போலவே பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரமாக நடப்பார், கத்தரிக்காய் சொத்தையா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வீட்டில் ஒரு விசேஷம் வந்ததோ, போச்சு! போட்டோஷாப் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, தலையில் கிரீடமும் கையில் வாளும் ஏற்றிக்கொண்டு நாட்டை ஆள நின்றுவிடுவார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். அவருக்கே தெரியாது.

நம் மாணிக்கவாசகம் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து மாட வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அறுபதாம் கல்யாணம் நெருங்கியது. ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத கோமதி அக்கா, தானே வந்து முதல் கலசத் தண்ணீரைத் தம்பி தலையில் ஊற்றுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். “நீ எங்கல உருப்படப் போற” என்று ஊரறியத் திட்டிவிட்டுப் போன அக்கா. வாசலிலேயே அவர் அசந்து நிற்க வேண்டாமா? அதற்காக நம்மவர் மூன்று வாரம் அபிராமபுரத்தில் காஷிஃப் என்பவரின் டிசைன் கடையில் குடியிருந்தார்.

“பாய், பின்னால ஒரு கோட்டை. அதுக்கு மேல பறக்குற குதிரை. இந்தப் பக்கம் சிங்கம்.”

“வெச்சாச்சு சார்.”

“சூரியன் உதிக்கணும். பௌர்ணமி நிலாவும் இருக்கட்டும்.”

“ரெண்டும் ஒண்ணா இருந்தா நிழல் எந்தப் பக்கம் சார் வுழும்?”

“ராஜாவுக்கு எதுக்குய்யா நிழல்?”

நியாயம்தானே? வழுக்கையில் சுருள்முடி இறங்கியது, தொந்தி கவசத்துக்குள் போய்த் தட்டையானது, தோள் இரண்டு சாண் அகன்றது, இரட்டைத் தாடை ஒற்றையாகி அந்த ஒற்றையும் கூர்மையானது. காஷிஃப் நாற்காலியில் சாய்ந்தார்.

“உங்க மூக்கு மட்டும்தான் சார் இதுல மிச்சம் கீது.”

“அதையும் கொஞ்சம் எடுப்பா ஆக்கிடு.”

“என் கண்ணாடியை மட்டும் எடுத்துடாதீங்க, அது இல்லாட்டி ஆளே தெரியாது” என்று மனைவி சீதா சொல்லியிருந்தார். மகாராணிக்குக் கண்ணாடியா? எடுத்தார்கள். சிங்கத்தின் வாலை நீட்ட இடம் போதவில்லை. கீழே இருந்த பெயர்களையும் எடுத்தார்கள். “முகம்தான் இருக்கே, பேர் எதுக்கு?” என்றார் மகாராஜா.

முகூர்த்தத்தன்று ஆழ்வார்பேட்டையில் அடுத்தடுத்து இரண்டு மண்டபங்கள், இரண்டிலும் அறுபதாம் கல்யாணம். ரயிலிறங்கி ஆட்டோவில் வந்த கோமதி அக்கா பேனரை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ சினிமாக்காரர் வீட்டு விசேஷம் என்று முடிவு கட்டினார். பக்கத்து மண்டபத்தில் வாழைமரம் கட்டி ‘மணிவிழா’ என்று மட்டும் எழுதியிருந்தது. அங்கே நுழைந்தார். “வாங்கோ, வாங்கோ, முதல்ல டிபன் சாப்பிடுங்கோ” என்று பன்னீர் தெளித்து மாடிக்கு அனுப்பினார்கள். நம் ஊரில் யார் நீங்கள் என்று கேட்டுவிட்டா இலை போடுகிறார்கள்?

இங்கே மாணிக்கவாசகம் மணையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு ஃபோன் அடித்தார்கள். அங்கே மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. வாத்தியார் இரண்டு முறை பொறுத்தார். மூன்றாம் முறை, “நல்ல நேரம் போயிண்டே இருக்கு, யாராவது ஊத்துங்கோ” என்றார். சகலை ஒருவர் ஊற்றினார்.

பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் தம்பியைத் தேடிய அக்கா, மண்டபம் மாறியதைத் தெரிந்துகொண்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வழுக்கையிலிருந்து தண்ணீர் சொட்ட, ஈர வேட்டியில் தொந்தியோடு நடுங்கிக்கொண்டிருந்த ஆளை வாசலிலிருந்தே கண்டுகொண்டார்.

“இந்தா இருக்கான்லா என் தம்பி! அப்பம் வெளிய சிங்கத்துகூட நிக்கானே, அவன் யாருல?”

சீதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். காலிக் குடங்களைப் பார்த்ததும் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

“ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கலியால? அதுக்குத்தான வந்தேன்.”

மாணிக்கவாசகம் அழுதார். பாவம், நிஜமாகவே அழுதார். ஈரத்தில் அது யாருக்கும் தெரியவில்லை.

திருந்தியிருப்பார் என்கிறீர்களா? மூன்றாம் நாள் காஷிஃப் கடையில் இருந்தார்.

“பாய், அக்கா முதல் குடம் ஊத்துற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு.”

“அவங்க ஊத்தவே இல்லியே சார்?”

“அதனாலதான் கேக்குறேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “தலையில முடி இருக்கட்டும்” என்றார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் ஃபோனில் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை எடுத்து, யாரென்று சொல்லாமல், கூடப் பிறந்தவர் ஒருவரிடம் நீட்டுங்கள். “நல்லா இருக்காரே, யாரு இவர்?” என்று கேட்டால் கூச்சப்படாமல் அபிராமபுரம் வாருங்கள். சிங்கத்துக்கு இன்னொரு பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.