ஹார்டுக்குப் பின்னால் ஒட்டிய லி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஜெரால்டு அவர்களுக்கு,

பூதலூரிலிருந்து மச்சான் சிங்கராயர் எழுதிக்கொண்டது. மாதா தயவில் இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். போனில் சொல்ல வெட்கமாக இருப்பதால் கடிதம்.

குத்தாலத்தில் நீங்கள் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தும் உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். நான் பத்தொன்பது வருஷமாகக் குத்தகைக்குப் பார்க்கும் வயல் கனடாவில் இருக்கும் ஜாஹித் தம்பியுடையது. அவருடைய அத்தா இருந்தவரை வாய்வார்த்தையே போதும். அவர் போன பிறகு, நிலம் எப்படி இருக்கிறது என்று தம்பி வாட்ஸ்அப்பில் இங்கிலீஷில் கேட்டார். சின்ன வயதிலேயே கனடா போனவர், தமிழ் மறந்திருக்கும் என்று நானும் இங்கிலீஷிலேயே பதில் எழுத உட்கார்ந்தேன். திருச்சி ஹாஸ்டலில் இருக்கும் மகள் ஜெனிட்டாவுக்குப் போன் போட்டேன். "ஒண்ணுமில்லப்பா, நடுவுல வேர்ச்சொல். முன்னால அன் போட்டா அர்த்தம் கவுந்துடும். பின்னால லி போட்டா எப்படிச் செஞ்சோம்னு சொல்லும். ஹேப்பி, அன்ஹேப்பி, அன்ஹேப்பிலி" என்றாள். பிடிபட்டுவிட்டது. ஹார்ட் என்றால் கடினம். கூட ஒரு லி சேர்த்து, உங்கள் வயலில் ஹார்ட்லி உழைக்கிறேன் என்று எழுதி, மரியாதைக்காக அதையே இரண்டு தடவை எழுதி, அனுப்பியும்விட்டேன். பிறகு பெருமையாக மகளிடம் வாசித்துக் காட்டினால் அவள் அழுகிறாள்.

"அப்பா, ஹார்டுக்கு லி போட்டா வேலையே செய்யறதில்லங்கிற மாதிரி ஆயிடும்ப்பா!"

"நான் அன் போடலியே?"

"அன் போடாமலே கவுந்துடும்ப்பா."

அப்படி ஒரு சொல்லை எந்தப் புண்ணியவான் கட்டினான்? பத்து நாளாகப் பதில் இல்லை, இரண்டு நீலக் கோடுதான். நேற்று யாரோ நாலு பேர் வந்து வயலை அளந்து கல் ஊன்றிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரி பாத்திமா மேரி என்னோடு பேசுவதில்லை. பேசினால், "லி போட்டவரு சாப்பிட வரலாம்" என்கிறாள். மாப்ள, கொஞ்சம் பெரிய மனசு பண்ணி, இந்த ஆளு நெசமாவே உழைக்கிறவருதான், லி மட்டுந்தான் தப்புன்னு நல்ல இங்கிலீஷ்ல நாலு வரி எழுதிக் குடுங்க.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். ஆண்டவர் உங்கள் வீட்டையாவது நன்றாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
சிங்கராயர்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஜாஹித் தம்பியே போனில் வந்தார். நம் ஊர்த் தமிழ், கொஞ்சமும் மாறவில்லை. "நீங்க என்ன எழுத வந்தீங்கன்னு புரிஞ்சுது மாமா. நீங்க பட்ட பாடெல்லாம் அத்தா சொல்லியிருக்காங்க. ஆனா வெல பேசி முடிச்சப்புறந்தான் உங்ககிட்ட நிலத்தப் பத்தியே கேட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றார். அதனால் நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். அறுப்புவரை நானே பார்த்துக்கொள்ளலாமாம். கதிர் இப்போதுதான் பால் பிடிக்கிறது. தண்ணீர் கட்டப் போகிறேன்.