மேடையில் புத்தகத்தைத் திறக்காதீர்கள், அத்தான்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். என் மனைவி நலம். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரரின் கூரையும் நேற்று மாலையிலிருந்து நலம். அங்கு நீங்களும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் அப்படியே இருக்க இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அக்கா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் ஹலோவே சொல்வாள். இது ஊருக்குச் சொல்கிற விஷயம் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குடிநீர் இலாகா ஓய்வுபெற்றோர் சங்கம் உங்களுக்கு எடுக்கும் பாராட்டுக் கூட்டத்தில், உங்கள் பணி அனுபவ நூலான ‘குழாயும் நானும்’ புத்தகத்திலிருந்து நீங்களே சில பக்கங்கள் வாசிப்பீர்கள் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. அத்தான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், மேடையில் அந்தப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். கையில் வைத்திருங்கள், தூக்கிக் காட்டுங்கள், மார்போடு அணைத்துப் படம்கூட எடுத்துக்கொள்ளுங்கள். திறக்க மட்டும் வேண்டாம். திறந்தால் உங்கள் மானமும் போகும், என் பதிப்பகமும் போகும். ஏன் என்று சொல்கிறேன். சொல்வதற்குள் எனக்கே மூச்சு முட்டுகிறது.

என் பதிப்பகம் எவ்வளவு சிறியது என்று உங்களுக்குத் தெரியும். அலுவலகம், கிடங்கு, படுக்கையறை மூன்றும் ஒன்றுதான். உங்கள் புத்தகத்தின் மீதிப் பிரதிகள் எங்கள் படுக்கையறையில் இருக்கின்றன என்பதைவிட, எங்கள் படுக்கை உங்கள் புத்தகத்தின்மேல் இருக்கிறது என்பதுதான் சரி. கட்டிலை விற்றுவிட்டு, கட்டு கட்டாக அடுக்கி மேலே மெத்தை போட்டு நாலு வருடமாக உங்கள் மேல்தான் தூங்குகிறோம். போன வாரம் வீட்டுக்காரர் மேலே வந்தார். முகம் பேயறைந்தது போல இருந்தது. “சார், என் தலைக்கு நேரா கூரையில விரிசல் விட்டிருக்கு. ஒண்ணு புத்தகம் இறங்கணும், இல்ல நீங்க இறங்கணும். ரெண்டும் இறங்கலன்னா எல்லாம் சேர்ந்து என் மேல இறங்கிடும்” என்றார். போகும்போது, “தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க அத்தான் எழுதின மூணாவது அத்தியாயம் படிச்சு நான் கண் கலங்கினவன்” என்றும் சொன்னார். இந்த மூன்றாவது அத்தியாயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நேற்றுக் காலை மாடிப்படிக்குக் கீழே பெஞ்சு போட்டு, ‘மிகுதி நூல்கள், சலுகை விலையில்’ என்று அட்டையில் எழுதி மாட்டினேன். மதியம்வரை ஈ காக்காய் இல்லை. ஒருவர் வந்தார், அட்டைப்பெட்டிகள் மட்டும் கிடைக்குமா என்று கேட்டார். ஓர் அம்மாள் நாலைந்து புத்தகங்களைத் தூக்கிப் பார்த்து, ஃப்ரிட்ஜ் காலுக்கு அண்டக் கொடுக்க இதைவிட ஒல்லியாக ஏதாவது இருக்கிறதா என்றார். கவிதை இருந்தால் கொடுத்திருப்பேன். பிறகு எதிர்க்கடைத் தையற்காரர் வந்தார். மின்சாரம் இல்லாததால் சும்மா வந்தவர், ஒரு கட்டின்மேல் உட்கார்ந்து, விசிறிக்கொள்ள ஒரு பிரதியை எடுத்தார். காற்று போதவில்லை போலும்; புத்தகத்தை நடுவில் திறந்து அகலமாக விசிறினார். அப்படியே விசிறலை நிறுத்தினார். மின்சாரம் வந்தது, அவர் கடையில் விளக்கு எரிந்தது, வாடிக்கையாளர் கூப்பிட்டார். மனிதர் அசையவில்லை.

“சார்,” என்றார் கடைசியில், பக்கத்தை விரலால் குத்திக் காட்டி, “இங்க பாருங்க. ‘குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது, அவனுடைய செருப்பு மட்டும் வெளியே நனைந்து கிடந்தது.’ கொலை சார் இது! உங்க அத்தான் ஆபீஸ்ல கொலையெல்லாம் நடந்திருக்கா?”

மாடியில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. என் மனைவி தலைவிரி கோலமாகப் படியில் ஓடி வந்தாள். “அது என்னோட வரி! ஏங்க, அது நான் எழுதின வரி!” என்று கத்தினாள். பள்ளியில் கணக்கு டீச்சராக இருப்பவள் வேறு பெயரில் துப்பறியும் நாவல் எழுதுகிறாள் என்பது இத்தனை நாள் உங்களுக்கும் அக்காவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். இப்போது தெருவுக்கே தெரியும்.

நடந்தது இதுதான் அத்தான். உங்கள் ‘குழாயும் நானும்’, அவளுடைய ‘ஈரக் கால்தடம்’ இரண்டையும் ஒரே வாரம் அச்சடித்தோம். செலவு குறையட்டும் என்று இரண்டு அட்டையையும் ஒரே தாளில், ஒரே நீல நிறத்தில் நான்தான் அடிக்கச் சொன்னேன். பைண்டர் அவள் நாவலுக்கு உங்கள் அட்டையையும், உங்கள் நூலுக்கு அவள் அட்டையையும் ஒட்டிவிட்டார். ஒன்றிரண்டு இல்லை, மொத்தப் பதிப்புமே. உடனே அவரை ஃபோனில் பிடித்துக் கத்தினேன். “அளவு ஒண்ணு, தடிமன் ஒண்ணு, கலர் ஒண்ணு. நாங்க ஒட்டுற ஆளுங்க சார், படிக்கிற ஆளுங்க நீங்கதானே? நாலு வருஷமா என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?” என்றார். ஃபோனை வைத்துவிட்டேன்.

நாலு வருடம் அத்தான்! பத்திரிகையில் மதிப்புரை வந்ததே, ‘நீர்மேலாண்மை குறித்த நேர்மையான சாட்சியம்’ என்று? உங்கள் மேலதிகாரி, என்னைப் பற்றி எழுதியதற்கு நன்றி என்று கை குலுக்கினாரே? அவரைப் போன்ற ஒருவர் அந்தப் புத்தகத்தில் இருக்கிறார் என்றால் அவர் ஐந்தாவது பக்கத்திலேயே செத்துப்போய்விடுகிறார். வீட்டுக்காரர் கண் கலங்கிய மூன்றாவது அத்தியாயத்தில், தொட்டிக்குள் ஒரு தலை கிடைக்கிறது. அக்கா இரண்டு முறை படித்ததாகச் சொன்னாள். அதைப் பற்றி நான் எதுவும் எழுத விரும்பவில்லை, உங்கள் குடும்ப விஷயம். என் மனைவியைக் கேட்டேன், உன் புத்தகத்தை நீயே திறந்து பார்க்கவில்லையா என்று. அச்சில் பார்த்தால் பிழைதான் கண்ணில் படும் என்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்ன சொல்வது. தையற்காரர் தெருவில் நின்றுகொண்டு, “வெளிய குழாய், உள்ள கொலை!” என்று கூவாத குறையாகச் சொல்ல, ஜனம் முண்டியடித்தது. பொழுது சாய்வதற்குள் ஒரு பிரதி மீதி இல்லை. படுக்கையறையில் தரை தெரிகிறது. நாங்கள் தரையில் படுத்து, கூரையைப் பார்த்தபடி பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தோம். காலையில் அக்கா பேசியபோது எல்லாம் விற்றுவிட்டது, வீடு காலி என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை.

உங்களுக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். ‘ஈரக் கால்தடம்’ வந்த வருடமே கடைகளில் தீர்ந்துவிட்டது அல்லவா? அவ்வளவு பேரும் படித்தது உங்களைத்தான்! கொலை எங்கே என்று ஒருவர்கூடச் சண்டைக்கு வரவில்லை. ஒரு வாசகர், ‘நீரேற்று நிலைய வருணனை அபாரம், கடைசிவரை மோட்டார் இயக்குபவர்மீதுதான் சந்தேகம்’ என்று அஞ்சலட்டையே போட்டார். எங்கள் பதிப்பகத்தில் உண்மையில் விற்றுத் தீர்ந்த முதல் எழுத்தாளர் நீங்கள்தான். மேடையில் இதை நினைத்து நிமிர்ந்து நில்லுங்கள். புத்தகத்தை மட்டும் மூடியே வைத்திருங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் சின்னவர்களுக்கு எங்கள் ஆசியும், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, இத்துடன் வருகின்றன.

இப்படிக்கு,
இன்னும் திகைப்பு நீங்காத
மைத்துனன்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் அக்கா ஃபோன் செய்தாள். அத்தான், மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். “அட்டை மாறினது அவருக்கு முதல் நாளே தெரியும்டா,” என்கிறாள் அக்கா. “நீ ஆரம்பிச்ச பதிப்பகம், முதல் வேலையே இப்படின்னு தெரிஞ்சா மனசு விட்டுடுவேன்னு யார்கிட்டயும் மூச்சு விடல. கொலைக்கதைன்னு வாங்குறவங்க திருப்பிக் கொண்டுவந்து உன் மேல எறிவாங்கன்னு, கடைகடையாப் போய் ‘ஈரக் கால்தட’த்தை எல்லாம் இவரே வாங்கிட்டார். அந்த அஞ்சலட்டையும் இவர் எழுதினதுதான். எல்லாம் நாலு வருஷமா எங்க கட்டிலுக்கு அடியில. ஞாயித்துக்கிழமை வாசிக்கக்கூட அதுல ஒண்ணை எடுத்து காலண்டர் தாள்ல அட்டை போட்டு வெச்சிருக்கார். உன் வீடு காலியாயிடுச்சுன்னு சொன்னியே, அதான் மிச்சத்தைக் காலையிலேயே லாரில ஏத்தி விட்டுட்டார்.”

லாரி வந்துவிட்டது. வீட்டுக்காரர் வாசலில் கையை விரித்து நிற்கிறார். “இறக்கச் சொல்லுங்க,” என்கிறாள் என் மனைவி, “அண்ணன் புத்தகத்தை நாம இன்னும் படிக்கவே இல்லையே.” உண்மைதான். கையெழுத்துப் பிரதியை அப்படியே அச்சுக்கோக்கக் கொடுத்துவிட்டேன், பிழை திருத்தியதும் நீங்கள்தான். முதல் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்தேன். சமர்ப்பணத்தில், ‘இதன் முதல் வாசகனான என் மைத்துனனுக்கு’ என்று இருக்கிறது. படித்ததும் அழுகை வந்துவிட்டது அத்தான், லாரிக்காரர் எதிரிலேயே. படியில் உட்கார்ந்து முதல் அத்தியாயம் முடித்துவிட்டேன். அந்தப் பழைய மோட்டார் நடுவில் நின்றுபோனதே, ஊருக்குத் தண்ணீர் வந்ததா? சொல்லிவிடாதீர்கள்.